போன் திரையில் கீறலும் டெம்பர் கிளாஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன் கைக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிடும் பேச்சு இது: டெம்பர் ஒட்டணுமா, வேண்டாமா? போன் விஷயம் என்றால் என்னிடம் வந்து கேட்பவர்கள் கொஞ்சம் அதிகம். வருவது திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இதில் "டெம்பர்" என்று சொல்வது திரைமேல் ஒட்டும் கண்ணாடியை. பிளாஸ்டிக்கில் வருவதைப் படலம் என்றே சொல்கிறேன்.

சாவி, சில்லறை இருக்கும் பையில் போனைப் போட்டால் கீறல் விழுமா?

பெரும்பாலும் விழாது. எல்லாரும் முதலில் பயப்படுவது சாவிக்குத்தான். ஆனால் சாவி பாவம்.

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமென்றால் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் இதற்கென்று ஓர் அளவுகோல் வகுத்தார். 1-இல் டால்க், 10-இல் வைரம். இந்தக் கணக்கில் நம் விரல் நகம் சுமார் 2.5, செம்பு நாணயம் 3 அல்லது அதற்குச் சற்று மேல், பித்தளைச் சாவியும் அதே பக்கம்தான். சாதாரணக் கத்தியின் இரும்பு 5.5 வரை வரும். போன் திரையின் கண்ணாடியில் 6-ஆம் எண் கனிமத்தால் இழுத்தால் மெல்லிய கீறல் தெரியத் தொடங்கும், 7-இல் ஆழமான கோடு விழும். ஆக, பித்தளைச் சாவியால் எவ்வளவு உரசினாலும் தேய்வது சாவிதான். நன்கு கடினமாக்கிய எஃகு, அரம் மாதிரியானவை வேறு கதை. அவற்றை யாரும் போனோடு சேர்த்துப் பையில் போடுவதில்லை என்று நம்புகிறேன்.

அப்படியென்றால் இத்தனை கீறல் எங்கிருந்து வருகிறது?

மணல். அவ்வளவுதான்.

மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கணக்கில் அது 7. அதாவது திரையைவிட ஒரு படி மேலே. கடற்கரைக்குப் போனால்தான் மணல் வரும் என்றில்லை. தெருப்புழுதியில், கைப்பையின் அடித்தையலில், கால்சட்டைப் பையின் மூலையில் என்று எங்கும் இருக்கிறது. நம்பவில்லையென்றால் நீங்கள் தினமும் போன் வைக்கும் பையை இப்போதே வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். நூல் பிசிறோடு சேர்ந்து உப்புத்தூள் மாதிரி நாலைந்து துகள் மின்னும். திரையில் கோடு போடுவது அதுதான். ஒவ்வொரு முறை போனை உருவும்போதும் அந்தத் துகள் திரையை அழுத்திக்கொண்டு ஓடுகிறது.

இதில் சாவிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தானாகக் கீறாது, ஆனால் நடுவில் சிக்கிய மணலைத் திரைமேல் வைத்து அழுத்திக் கொடுக்கும். மேசைமேல் திரையைக் குப்புற வைத்துத் தள்ளுவதும் இதே கதைதான். இன்னொன்று, தூசி படிந்த திரையைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பது. துடைப்பதாக நினைத்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் ஊதிவிட்டு, அப்புறம் துடைத்தால் போதும்.

என் போனில் கொரில்லா கிளாஸ் இருக்கிறது. அது கீறாது என்றுதானே சொல்கிறார்கள்?

கீறாது என்றில்லை, கீறுவது கடினம் என்பதுதான் சரி. உடைவதும் கடினம். இந்த இரண்டையும் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கொரில்லா கிளாஸ் என்பது அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் செய்வது. ஜப்பானின் ஏஜிசி செய்யும் டிராகன்டிரெயில், ஜெர்மனியின் ஷாட் செய்யும் செனேஷன் எல்லாம் அதே குடும்பம். செய்முறை அழகானது. கண்ணாடித் தகட்டைச் சுமார் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் உப்புக் குளியலில் இறக்குவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறும், அந்த இடத்தில் பொட்டாசியம் அயனிகள் வந்து உட்காரும். பொட்டாசியம் ஆளில் பெரியது. பேருந்தில் ஒல்லியான ஒருவர் எழுந்த இருக்கையில் பருமனான ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்த வரிசையே நெருக்கியடித்துக்கொண்டு இறுகும் இல்லையா, அதே கதைதான். கண்ணாடியின் மேல்தோல் முழுக்க இப்படி இறுகி நிற்கிறது. விரிசல் பிளந்துகொண்டு போகப் பார்த்தால் இந்த இறுக்கம் அதைத் திரும்ப மூடி அழுத்துகிறது.

கவனியுங்கள், இந்த வித்தை முக்கியமாக உடையாமல் இருப்பதற்கு. கீறலைத் தள்ளிப்போடவும் ஓரளவு உதவும், ஆனால் கண்ணாடியை அது குவார்ட்ஸைவிடக் கடினமாக்கிவிடவில்லை. கடினத்தைக் கூட்டினால் நொறுங்கும் தன்மை கூடுவதும், விழுந்தால் தாங்கும்படி செய்தால் கீறல் எளிதாவதும் இந்தத் தொழிலின் தீராத இழுபறி. ஒவ்வொரு தலைமுறைக் கண்ணாடியும் இந்தத் தராசின் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 2020-இல் ஐபோன் 12-ஓடு வந்த செராமிக் ஷீல்டை ஆப்பிள் விளம்பரப்படுத்தியபோது முன்னால் வைத்தது கீழே விழுந்தால் தாங்கும் திறனைத்தான்.

சபையர் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மோஸ் 9, மணல் ஒன்றும் செய்யாது. நல்ல கைக்கடிகாரங்களின் கண்ணாடியும் சில போன்களின் கேமரா மூடியும் அதுதான். ஆனால் முழுத் திரைக்குப் போட்டால் விலை எகிறும், கனம் கூடும், வெளிச்சத்தையும் அதிகம் பிரதிபலிக்கும்.

டெம்பர் அட்டையில் "9எச்" என்று போட்டிருக்கிறதே. வைரம் 10 என்றால் இது 9 தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

அந்த 9-க்கும் மோஸின் 9-க்கும் சம்பந்தமே இல்லை. 9எச் என்பது பென்சில் கணக்கு. படம் வரைபவர்கள் எச்பி, 2பி, 4எச் என்று பென்சில் வாங்குவார்கள் அல்லவா, அந்த எச்தான். பெயின்ட், பூச்சு ஆகியவற்றின் மேற்பரப்பைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. பென்சிலைக் குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட அழுத்தத்தில் பிடித்துப் பரப்பின்மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சிலில் தடம் விழுகிறதோ அதற்கு ஒரு படி முந்தையது அந்தப் பூச்சின் கடினம். வழக்கமான பெட்டியில் மிகக் கடினமான பென்சில் 9எச். ஆக, "9எச்" என்று அட்டையில் போட்டிருந்தால் அதன் பொருள்: பென்சிலால் இதைக் கீற முடியாது.

பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும். எந்தக் கண்ணாடியையும் அதால் கீற முடியாது. உங்கள் வீட்டு சன்னல் கண்ணாடியும் 9எச் தான். பூச்சுகளுக்கு அர்த்தமுள்ள ஒரு சோதனையைக் கண்ணாடிமேல் நடத்தி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அட்டையில் அச்சடிக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்குபவர் வைரத்தை நினைத்துக்கொள்வார் என்று அவர்களுக்குத் தெரியும். 10எச், 11எச் என்றெல்லாம் போட்டு விற்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

போன் விழுந்தது, டெம்பர் சுக்குநூறு, திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. டெம்பர்தானே காப்பாற்றியது?

இருக்கலாம். ஆனால் டெம்பர் உடைந்தது என்பது அதற்குச் சாட்சி ஆகாது.

டெம்பரும் உப்புக் குளியலில் வலுப்படுத்திய கண்ணாடிதான். ஆனால் மலிவு. தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், போன் கண்ணாடியில் ஏறக்குறைய பாதி. விளிம்பு வெட்டும் அவ்வளவு நேர்த்தியாக இருக்காது, போனின் விளிம்பிலிருந்து லேசாகத் துருத்திக்கொண்டும் நிற்கும். அதனால் போன் கண்ணாடி அசைந்துகூடக் கொடுக்காத அடியில் இது உடைந்துவிடும். சட்டைப் பையிலிருந்து மேசைமேல் நழுவி விழுந்ததில் டெம்பரின் மூலை உடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்திலிருந்து விழுந்து திரை உடைவது அபூர்வம். காப்பாற்றத் தேவையே இல்லாத இடத்தில் காப்பாற்றியதாக நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது டெம்பர்.

ஒன்றுமே செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. கூரான கல் நேராகத் திரைமேல் குத்தினால் அந்தக் குத்தை முதலில் வாங்கிக்கொள்ள ஓர் அடுக்கு நடுவில் இருக்கிறது. அது நிஜமான உதவி. ஆனால் போன் பெரும்பாலும் மூலையில்தான் விழுகிறது. அந்த அடி சட்டகம் வழியாகத் திரையின் விளிம்புக்குப் போகிறது. மேலே ஒட்டிய கண்ணாடியால் அதைத் தடுக்க முடியாது. அங்கே உதவுவது மூலைகள் தடித்த, திரையைவிட ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்கும் வரம்புள்ள பின்கவர். கீழே விழுவதுதான் உங்கள் கவலை என்றால் முதலில் கவருக்குச் செலவு செய்யுங்கள். டெம்பர் கீறலுக்கான மருந்து.

மயிரிழை மாதிரி ஒரு கீறல்தான். கண்டுகொள்ளாமல் விடலாமா?

பார்க்கத் தொந்தரவாக இல்லையென்றால் விடலாம். ஆனால் கீறல் என்பது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. கண்ணாடி கணக்குப்படி தாங்க வேண்டிய அழுத்தத்தில் மிகச் சிறு பங்கிலேயே ஏன் உடைந்துவிடுகிறது என்பதற்கு 1920-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் விடை சொன்னார்: பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களின் நுனியில் அழுத்தம் குவிகிறது, உடைவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொட்டலத்தைக் கிழிக்க ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பார்களே, அதே வேலை.

இரண்டு வருடம் மணலோடு உரசிய திரை, புதிதாக இருந்தபோது தாங்கிய அதே உயரத்திலிருந்து விழுந்து உடைவது இதனால்தான். "இதுக்கு முன்னாடி பத்து தடவை விழுந்திருக்கு, ஒண்ணும் ஆகலை" என்பார்கள். அந்தப் பத்துத் தடவையும் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

டூத்பேஸ்ட் தேய்த்தால் கீறல் போகுமாமே?

போகாது. நான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி செத்துப்போன ஒரு பழைய போனை எடுத்துக்கொண்டு, திரையின் நடுவில் இருந்த ஒரு கீறல்மேல் பட்டாணி அளவு டூத்பேஸ்ட் வைத்து, மென்துணியால் வட்டவட்டமாக அரைமணி நேரம் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்ததும் கீறலைக் காணோம்! இரண்டு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். ஈரம் காய்ந்ததும் அது தன் இடத்தில் அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கீறலின் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியிருக்கும் வரை ஒளி சிதறாமல் போகும், அதனால் மறைந்த மாதிரி தெரியும். "போட்டதும் போயிடுச்சு" என்று காட்டும் வீடியோக்களில் பாதி இந்த ஈரத்தின் வேலைதான் என்று நினைக்கிறேன். எனக்குக் கிடைத்த பலன் ஒன்று உண்டு: தேய்த்த வட்டத்தில் மட்டும் கைரேகை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

காரணம், திரைமேல் எண்ணெய் ஒட்டாமல் இருக்க ஃபுளோரின் சேர்ந்த ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. சில நானோமீட்டர்தான். டூத்பேஸ்டில் இருக்கும் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் துகள்கள் கண்ணாடியைச் சமன் செய்யும் அளவுக்கு வலுவில்லை, ஆனால் இந்தப் பூச்சை வழித்தெடுக்கப் போதும். சமையல் சோடா, வண்டிக்குப் போடும் கீறல் நீக்கி ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்பு.

கண்ணாடியை உண்மையிலேயே மெருகேற்றக்கூடியது சீரியம் ஆக்சைடு. கண்ணாடித் தொழிலில் இருப்பவர்கள் பயன்படுத்துவது. அதைக் கொண்டு தேய்த்தால் மெல்லிய கீறல் போகவும் கூடும். ஆனால் கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கண்ணாடியை எல்லாம் கரைத்தாக வேண்டும். பூச்சு முழுதாகப் போகும், இறுகிய மேல்தோலிலும் ஒரு பங்கு போகும், கை சமமாக ஓடாவிட்டால் அந்த இடத்தில் எழுத்து நெளிந்து தெரியும். ஒரு கீறலுக்காக இது தேவையில்லை.

அதைவிட மலிவான வழி, மேலே நல்ல டெம்பர் ஒட்டிவிடுவது. முழுப்பரப்பும் பசை உள்ளதாக வாங்கினால், அந்தப் பசை மெல்லிய கீறலின் பள்ளத்தை நிரப்பிவிடும். ஈரம் செய்த அதே வேலையைக் காயாமல் செய்யும். கீறல் போகவில்லை, ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆழமான கீறலுக்கு இது பலிக்காது.

அது கீறல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரையை அணைத்து, ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி பாருங்கள். மென்மையான உலோகம் கண்ணாடியில் உரசும்போது கண்ணாடி கீறாமல் உலோகமே பூசிக்கொண்டு போவது உண்டு, பார்க்கக் கீறல் மாதிரியே இருக்கும். நன்றாகத் துடைத்தால் போய்விடும். பிறகு விரல் நகத்தைக் குறுக்காக இழுங்கள். நகம் தட்டினால் ஆழமான கீறல். தட்டவில்லை, ஆனால் சாய்த்தால் மட்டும் தெரிகிறது என்றால் பூச்சில் மட்டுமோ கண்ணாடியின் மேற்பரப்பிலோ விழுந்தது.

டெம்பர் ஒட்டியிருப்பதை மறந்துவிட்டு "திரை போச்சு" என்று பதறி வந்தவர்களும் உண்டு. முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

எந்த வகை வாங்கலாம்?

தட்டையான திரைக்கு டெம்பர். கைக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கும், ஒட்டுவதும் எளிது. ஓரத்தில் மட்டும் பசை உள்ளவற்றைத் தவிர்த்து, முழுப்பரப்பும் பசை உள்ளதாகப் பாருங்கள்.

படலங்களில் இரண்டு சாதி. பெட் என்னும் விறைப்பான பிளாஸ்டிக் மெல்லியது, மலிவு, அதுவே சீக்கிரம் கீறிப்போகும். ஹைட்ரோஜெல் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் டிபியு என்ற ரப்பர்த்தன்மையுள்ள பிளாஸ்டிக். வளைந்த திரையிலும் படியும், சின்னத் தடங்கள் ஒரு நாளில் தானாக மேலெழுந்து மறையும், உடையாது. ஆனால் தொட்டால் லேசாக இழுக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்புத் தெரியும். எனக்குப் பிடிக்காது. சிலருக்கு அது பழகிவிடுகிறது.

மேட் வகை வெயிலில் பளபளப்பைக் குறைக்கும், எழுத்தின் கூர்மையையும் சேர்த்துக் குறைக்கும். பிரைவசி வகைக்குள் சன்னல் பலகை மாதிரி நுண்ணிய தடுப்புகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவருக்குத் திரை இருட்டாகத் தெரியும், ஆனால் உங்களுக்கும் வெளிச்சம் குறையும். வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள், பேட்டரி தீரும்.

திரவமாகத் தடவுவது? துடைத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு. மணலுக்கு முன் அது எம்மாத்திரம். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

வளைந்த திரைக்கு யுவி டெம்பர் போடலாமா?

நான் போடமாட்டேன். திரையில் திரவப் பசையை ஊற்றி, மேலே கண்ணாடியை வைத்து, புற ஊதா விளக்கால் உறைய வைக்கும் முறை அது. நன்றாக அமைந்தால் பார்க்க அருமையாக இருக்கும். அமையாவிட்டால் அந்தப் பசை உறைவதற்கு முன் காதொலிப்பான் துளையிலும் பொத்தான் இடுக்கிலும் இறங்கி அங்கேயே கல்லாகிவிடும். அப்புறம் எதிர்முனையில் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். வளைந்த திரைக்கு டிபியு படலமே மேல்.

டெம்பர் ஒட்டியபின் கைரேகை வேலை செய்யவில்லை, ஏன்?

பக்கப் பொத்தானில் கைரேகை இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. திரைக்குள் இருப்பதில் இரண்டு விதம். ஒளியால் படிப்பது பொதுவாக டெம்பரைப் பொறுத்துக்கொள்ளும். ஒலி அலையால் படிப்பதற்கு நடுவில் காற்று இடைவெளி இருக்கவே கூடாது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள டெம்பர் அங்கே தோற்றுப்போகும்.

இதில் ஒரு வினோதமும் நடந்தது. சாம்சங் கேலக்ஸி எஸ்10-இல் இந்த ஒலி அலை முறை இருந்தது. சில சிலிகான் உறைகளை மாட்டினால் யார் விரல் வைத்தாலும் போன் திறந்துகொள்கிறது என்று 2019 அக்டோபரில் தெரியவந்தது. உறையின் உட்புறத்தில் இருந்த புள்ளி வடிவத்தையே சென்சார் கைரேகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சாம்சங் மென்பொருள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

ஆகவே புதிதாக எதை ஒட்டினாலும் பழைய கைரேகைகளை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரே விரலை இரண்டு முறை பதிந்து வைத்தால் இன்னும் நல்லது. பிறகு பதிவு செய்யாத விரலை வைத்துத் திறக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

நானே ஒட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. தேவை பொறுமையும் தூசியில்லாத ஓர் இடமும்தான். அந்த இடம் குளியலறை. வெந்நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆவியோடு சேர்ந்து காற்றில் மிதக்கும் தூசியும் படிந்துவிடும். மின்விசிறி ஓடக்கூடாது. கம்பளிச் சட்டையோ பஞ்சு உதிரும் துண்டோ பக்கத்தில் இருக்கக்கூடாது.

கூடவே வரும் ஈரத்தாளால் ஒரு முறை, மென்துணியால் ஒரு முறை துடையுங்கள். அப்புறம் தூசி எடுக்கும் ஒட்டுத்தாளால் திரை முழுக்க ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றலில் அவசரப்படுபவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள். பிறகு டெம்பரின் அடித்தாளை உரிக்காமலே திரைமேல் வைத்து, கேமரா துளையும் ஓரங்களும் சரியாகப் பொருந்தும்படி நகர்த்தி, ஒரு நீளப்பக்கத்தில் இரண்டு துண்டு செலோடேப் ஒட்டி போனோடு இணைத்துவிடுங்கள். இப்போது அது புத்தக அட்டை மாதிரித் திறந்து மூடும். திறந்து, அடித்தாளை உரித்து, அப்படியே மூடுங்கள். இடம் மாற வழியே இல்லை.

நடுவில் ஒரு விரலால் லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தொட்ட புள்ளியிலிருந்து ஈரம் பரவுகிற மாதிரி ஒரு கருமை நாலாபக்கமும் மெல்ல ஓடிப்போய் விளிம்பைத் தொடும். நல்ல பசை என்றால் நீங்கள் தேய்க்கவே வேண்டாம். போன் வாங்கியதில் எனக்கு மிகப் பிடித்த பத்து வினாடி அதுதான்.

குமிழி வந்துவிட்டது. என்ன செய்வது?

குமிழியின் நடுவில் புள்ளி இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். இல்லையென்றால் வெறும் காற்று. அட்டையால் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள், மிச்சம் இரண்டொரு நாளில் தானாக அடங்கும். புள்ளி இருந்தால் தூசி. எவ்வளவு அழுத்தினாலும் போகாது. அந்தப் பக்க மூலையை நகத்தால் தூக்கி, செலோடேப்பின் பசைப் பக்கத்தால் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு விடுங்கள். தூசி திரையில் இல்லாமல் டெம்பரின் அடியில் ஒட்டியிருக்கலாம், இரண்டு பக்கமும் ஒற்றுங்கள்.

பெட்டியிலிருந்து வரும்போதே ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. உரிக்கலாமா?

சாதாரண போன் என்றால் உங்கள் விருப்பம். அது பெட் படலம், சில மாதம் தாங்கும், கீறல் நிறைந்ததும் உரித்துவிட்டு டெம்பர் ஒட்டுங்கள். அதன் மேலேயே டெம்பர் ஒட்டாதீர்கள்.

மடிக்கும் போன் என்றால் கையை வைக்காதீர்கள்! அங்கே உள்திரையின் மேல் இருக்கும் படலம் திரையின் ஒரு பாகம். 2019-இல் சாம்சங்கின் முதல் மடிப்பு போனான கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கியவர்களில் சிலர் அதைச் சாதாரணப் படலம் என்று நினைத்து உரித்தார்கள். திரை பழுதானது. வேறு சிலருக்கு உரிக்காமலும் பழுதானது, அது தனி. ஏப்ரலில் வர வேண்டிய போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அந்தப் படலம் ஓரத்தில் பெயர்ந்து வந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் சேவை மையத்துக்குக் கொண்டு போவதே சரி.

கேமரா லென்சுக்கும் ஒட்டணுமா?

வேண்டாம். இரவில் விளக்கைப் படமெடுத்துப் பாருங்கள், ஒட்டியதன் பலன் படத்தில் பேயாக மிதக்கும். கவரின் வரம்பு லென்சைவிட உயர்ந்திருந்தால் போதும்.

டெம்பர் ஒட்டினால் டச் மந்தமாகுமா?

0.3 மில்லிமீட்டரில் வித்தியாசம் தெரியாது. தெரிந்தால் பசை சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். சில போன்களில் டச் உணர்திறனைக் கூட்டும் அமைப்பு உண்டு, அதை இயக்கிப் பாருங்கள்.

எதைக் கொண்டு துடைப்பது?

கண்ணாடி துடைக்கும் மென்துணி, ஒரு சொட்டு தண்ணீர். கிருமி நீக்க வேண்டுமென்றால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துடைப்புத்தாளால் எப்போதாவது துடைக்கலாம். சன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் திரவமும் ப்ளீச்சும் வேண்டாம், அந்த எண்ணெய் ஒட்டாப் பூச்சு தேய்ந்துபோகும். டெம்பர் ஒட்டியிருந்தால் தேய்வது டெம்பரின் பூச்சு. போனின் பூச்சு அடியில் பத்திரமாக இருக்கும். இதைப் பெரும்பாலானவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஆனால் எனக்கு இதுவே டெம்பருக்குப் பாதிக் காரணம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒட்டணுமா, வேண்டாமா?

கட்டட வேலை, பண்ணை, கடற்கரை, புழுதி என்று உங்கள் நாள் போகிறதென்றால் ஒட்டுங்கள். சிறு பிள்ளைகள் கையில் போன் போகிறதென்றாலும் ஒட்டுங்கள். ஓரிரு வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தாலும் ஒட்டுங்கள். பழைய போனை வாங்குபவர் முதலில் சாய்த்துப் பார்ப்பது திரையைத்தான், கீறலுக்கு உத்தரவாதமும் கைகொடுக்காது.

அலுவலக மேசை, தனிப் பை, போனைக் கவனமாக வைக்கும் பழக்கம் என்றால் ஒட்டாமலும் காலம் தள்ளலாம். திரையின் தரத்துக்காகவே காசு கொடுத்து வாங்கியவர்களும் யோசிக்க வேண்டும். 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் கொரில்லா ஆர்மர் கண்ணாடி பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று கார்னிங் சொல்கிறது. அதன்மேல் சாதாரண டெம்பரை ஒட்டினால் அந்தப் பெருமை அங்கேயே முடிந்தது.

நான் ஒட்டியிருக்கிறேன். என் கால்சட்டைப் பையில் மணல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உடைந்த டெம்பரை எப்படி எடுப்பது?

விரிசல் விட்டதும் எடுத்துவிடுங்கள், விரலைக் கிழிக்கும். முதலில் மேலே அகலமான செலோடேப்பை வரிசையாக ஒட்டிவிட்டால் சில்லுகள் சிதறாது. தலைமுடி உலர்த்தியால் சில வினாடி இளஞ்சூடு காட்டுங்கள், பசை இளகும். விரிசல் இல்லாத மூலையில் பழைய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெல்ல மெல்ல நெம்புங்கள். கத்தி, ஊசி வேண்டாம். பாதிக்கு மேல் எழும்பியதும் செலோடேப்போடு சேர்த்து முழுதாக வந்துவிடும். தடித்த தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

எடுத்ததும் விளிம்பைச் சுற்றி ஒரு கரிய கோடு தெரிந்து பயப்படாதீர்கள். அது பசை ஓரத்தில் இத்தனை மாதமாகச் சேர்ந்த தூசி, ஈரத்துணிக்கே போய்விடும்.